எரிந்து திரும்பிய 31 மோட்டார்கள்: ஒரு பம்ப்செட் கடையில் ஊக்கத்தொகை மாறிய விதம்

பின்னணி

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் இருக்கும் பம்ப்செட் கடை இது. போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றுக்கான மோட்டார், பேனல், கேபிள், குழாய் எல்லாம் விற்கிறது. ஒட்டினாற்போல், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுருள் சுற்றும், அதாவது காயில் கட்டும் பட்டறையும் உண்டு. தோட்டம் தோட்டமாகப் போய் விற்க ஆறு பேர். மோட்டார் இறக்கி ஏற்ற இரண்டு குழு. கணக்கு பார்க்க ஒரு பெண்மணி. முதலாளி ஐம்பதைத் தாண்டியவர், பட்டறையில் காயில் கட்டித் தொடங்கியவர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி என்பதால் இங்கே பண்ணையம் என்றாலே போர்தான். 800 அடி, 1,000 அடி என்பது சாதாரணம். மோட்டார் வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஜனவரி முதல் மே வரையிலான ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் போகும், தென்னை காயும், ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வருவார். அன்று மாலைக்குள் தண்ணீர் வர வேண்டும். இந்த அவசரத்தில்தான் தவறான மோட்டார்கள் விற்பனையாகின்றன.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புக்கு 1990 முதல் கட்டணம் இல்லை. அதனால் 'கரண்ட் மிச்சமாகும்' என்று சொல்லித் தோட்டத்தில் மோட்டார் விற்க முடியாது. வாங்குபவர் கேட்பது இரண்டே கேள்வி: தண்ணி எவ்வளவு வரும், எத்தனை வருசம் எரியாம ஓடும்? முதல் கேள்விக்குப் பெரிய மோட்டாரைக் காட்டிப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதற்குப் பதில் தெரிய மாதங்கள் ஆகும்.

பழைய ஊக்கத்தொகை முறை: 5 ஹெச்பி வரை ஒரு மோட்டாருக்கு 250 ரூபாய், ஏழரை ஹெச்பியும் அதற்கு மேலும் 450 ரூபாய். பில் போட்ட அன்றே கணக்கு. அடிப்படைச் சம்பளம் 14,000 ரூபாய்.

முதலில் பார்த்த வைத்தியம்

பிப்ரவரி கடைசியில் முதலாளிக்கு ஒரு எண்ணம் வந்தது: ஆட்களுக்கு வேகம் போதவில்லை. முந்தைய ஆண்டைவிடக் கடைக்குள் வருபவர்கள் குறைந்திருந்தார்கள். பக்கத்திலேயே புதிதாக இரண்டு கடைகள் வந்திருந்தன. கோவையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வகுப்பு வைத்தார். மறுநாள் சுவரில் ஒரு பலகை மாட்டப்பட்டது. யார் எத்தனை மோட்டார் என்று தினமும் அதில் எழுதுவார்கள். மாதம் 12 மோட்டார் தொட்டால் தனியாக 5,000 ரூபாய்.

பலகை வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். விற்பனை ஏறியது. ஆனால் ஏறிய விதம் கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது. மாதத்தின் முதல் இருபது நாள் மந்தமாகப் போகும், கடைசி ஐந்து நாளில் பில்கள் குவியும். 27ஆம் தேதி ஒன்பதில் நிற்பவர், 31க்குள் மூன்று மோட்டாரை எங்காவது இறக்கியாக வேண்டும். அந்த மூன்று தோட்டத்திலும் நீர்மட்டம் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

ஐந்து மாத முடிவில் 212 மோட்டார்கள் விற்றிருந்தன. அவற்றில் 97 ஏழரை ஹெச்பியும் அதற்கு மேலும்.

கவனத்துக்கு வந்தவை

ஜூலை வரை திரும்பி வந்த புகார்கள் 31. அவற்றில் 27, மோட்டார் இறக்கிய 90 நாளுக்குள் வந்தவை. விற்பனையாளர்கள் சொன்ன காரணம் ஒன்றே: 'கம்பெனிச் சரக்கு முன்ன மாதிரி இல்லீங்க.' முதலாளியும் அதை நம்பி உற்பத்தியாளரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

முடிச்சை அவிழ்த்தவர் கணக்கு பார்ப்பவர். உத்தரவாதக் கோப்பைத் தேதிவாரியாக அடுக்கியபோது 31 புகாரில் 17, மாதத்தின் கடைசி ஐந்து நாளில் பில் போட்டவை என்று கண்டார். கம்பெனிச் சரக்கு மாதக் கடைசியில் மட்டும் கெட்டுப்போகாது. இந்த ஒரு தாளை அவர் மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

பிரித்துப் பார்த்தபோது

31 மோட்டாரும் பட்டறையில் பிரிக்கப்பட்டிருந்தன. என்ன கண்டார்கள் என்பது பட்டறை நோட்டில் இருந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை. காரணவாரியாகப் பிரித்ததில் கிடைத்தது இது:

தண்ணீர் இல்லாமல் ஓடியவை 14. லோ வோல்டேஜ், மெலிந்த கேபிள் இரண்டும் சேர்ந்து எரித்தவை 8. இறக்கும்போது நடந்த தவறு 3. மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் போனதால் 2. மணல் 2. உற்பத்திக் குறை வெறும் 2.

ஒவ்வொன்றுக்கும் உள்ளே தடயம் உண்டு. மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் லோ வோல்டேஜ் அல்லது தாங்க முடியாத பாரம். ஒன்றோ இரண்டோ மட்டும் கருகி மற்றது புதிதாக இருந்தால் ஒரு பேஸ் போயிருக்கிறது. காயில் நன்றாகவே இருந்து, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரமான இம்பெல்லர் வெந்து ஒட்டிக்கொண்டு, புஷ் தேய்ந்து கிடந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடியது. நம் ஊர் மோட்டார்கள் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் நிரப்பி இறக்குபவை. நிரப்ப மறந்து இறக்கினால், பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இறக்கும்போது நடந்த மூன்று தவறில் ஒன்று இதுவே. மற்ற இரண்டும் கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் புகுந்தவை.

உத்தரவாதத்தில் சேர்வது உற்பத்திக் குறை உள்ள இரண்டு மட்டும். மீதி 29இல் பேரைக் காப்பாற்றிக்கொள்ளக் கடையே செலவை ஏற்றது 20. காயிலுக்கும் உதிரி பாகத்துக்கும் சுமார் 4,500, தூக்கி மறுபடி இறக்கும் கூலி சுமார் 5,000 என்று பார்த்தால் 1,90,000 ரூபாய். மற்ற ஒன்பது பேரும் தங்கள் கையிலிருந்து செலவு செய்தார்கள். அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை.

ஒரு தோட்டம்

தண்ணீர் இல்லாமல் ஓடிய 14இல் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்கலாம். மற்ற பலவும் இதே சாயல்.

தென்னந்தோப்பு. புதிதாகப் போட்ட 750 அடி போர். 'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்று போர் வண்டிக்காரர் சொன்னதைத் தோட்டத்துக்காரர் அப்படியே விற்பனையாளரிடம் சொன்னார். விற்பனையாளர் இரண்டு இஞ்ச் குழாய் நிறையத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். குழாய் நிறைய என்றால் விநாடிக்கு 3 லிட்டரை ஒட்டி வரும். 400 அடியில், அதாவது சுமார் 122 மீட்டரில், மோட்டாரை இறக்கித் தொங்கவிட வேண்டும். விநாடிக்கு 2.8 லிட்டர் என்று வைத்து, மீட்டரால் பெருக்கி 75ஆல் வகுத்தால் நாலரை ஹெச்பி. பம்பின் திறன் அறுபது சதவீதம் என்று கழித்தால் ஏழரை. கணக்கில் தவறே இல்லை. ஏழரை ஹெச்பி போனது. 450 ரூபாயும் வந்தது.

ஆனால் போர் வண்டிக்காரர் சொன்ன இஞ்ச் குழாய் இஞ்ச் இல்லை. 'வி' வடிவில் வெட்டிய தகட்டின் மேல் வழியும் தண்ணீரின் உயரம் அது. 90 டிகிரி வெட்டில் இரண்டு இஞ்ச் உயரம் என்றால் விநாடிக்கு சுமார் 0.8 லிட்டர். ஒரு இஞ்ச் என்றால் 0.14தான்; மூன்று என்றால் 2.2. இஞ்ச் இரட்டித்தால் தண்ணீர் இரட்டிப்பதில்லை, ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. இது தெரியாமல் இஞ்ச் கணக்கில் மோட்டார் விற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

சுரப்பதைப்போல் மூன்றரை மடங்கு இழுக்கும் மோட்டார், போரில் தேங்கியிருந்ததை முதல் நாள் வாரி இறைத்தது. தோட்டத்துக்காரருக்கு மகிழ்ச்சி. பிறகு தினமும் சிறிது நேரத்தில் தண்ணீர் அறுந்து காற்று வர ஆரம்பித்தது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைக் கண்டு நிறுத்தும் கருவி பேனலில் இருந்தது. அது அடிக்கடி நிறுத்துகிறதே என்று உள்ளூர் மெக்கானிக் ஒயரை மாற்றிக் கொடுத்து அதைத் தாண்டிவிட்டார். 41ஆம் நாள் பம்பு இறுகியது.

அந்தப் போருக்குச் சரியானது 3 ஹெச்பி. தோட்டத்துக்காரர் அதைக் கேட்டிருப்பாரா என்பது வேறு. 'பக்கத்துத் தோட்டத்துல ஏழரை ஓடுதுங்க' என்பதுதான் அவர் முதலில் சொன்ன வார்த்தை. அந்த எண்ணுக்கு ஜாதகத்தில் என்ன பொருளோ, போரிலும் பல நேரம் அதே பொருள்.

நாலு மோட்டார்காரர்

ஆளுக்கு எத்தனை புகார் என்று பார்த்தபோது பலகை தலைகீழானது. பதினோரு ஆண்டு அனுபவமுள்ள மூத்தவர் முதலிடத்தில் இருந்தார்: 63 மோட்டார், 14 புகார். நடுவில் நான்கு பேர் சேர்ந்து 128 மோட்டார், 16 புகார். கடைசி இடத்தில் இருந்த இளைஞர் 21 மோட்டார், ஒரே புகார். அதுவும் உற்பத்திக் குறை.

மே மாதம் இவரை நிறுத்திவிடுவது என்று பேச்சு இருந்தது. அப்போது நடந்த உரையாடல் கடையில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

"ஏந்தம்பி, மாசத்துக்கு நாலு மோட்டார் விக்கறதுக்கு எதுக்கு இத்தனை பெட்ரோல் காசு?"

"ரெண்டு தோட்டத்துல தண்ணியே இல்லீங்ணா. புது மோட்டார் போட்டாலும் ஆகாதுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க."

அன்று அது சோம்பலுக்குச் சாக்காகக் கேட்டது. ஜூலையில் அதே பதில் வேறு மாதிரி கேட்டது. அவர் வண்டிப் பெட்டியில் நீர்மட்டம் பார்க்க நட்டு கட்டிய நைலான் நூல், ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர், கடிகாரம் மூன்றும் இருக்கும். மோட்டார் இருக்கும் போரில் நூல் விட்டால் கேபிளில் சிக்கும் என்பதால் அங்கே 20 அடி இரும்புக் குழாய் எத்தனை இறங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார். ஒரு மணி நேரம் ஓடவிட்டு 200 லிட்டர் டிரம்மை நிரப்பி நேரம் பார்ப்பார். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஏழரையைப் பற்றிப் பேசவே மாட்டார்.

இவரிடம் ஊக்கம் குறைவாக இல்லை. கடை எண்ணிக்கொண்டிருந்தது வேறு பொருளை.

எடுத்த முடிவுகள்

ஆகஸ்டில் நான்கு மாற்றங்கள் வந்தன.

பலகை கழற்றப்பட்டது, 12 மோட்டார் போனஸும் போனது.

ஊக்கத்தொகை எந்த ஹெச்பிக்கும் ஒன்றே ஆனது: பில் போடும்போது 150 ரூபாய், 90ஆம் நாள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் 450 ரூபாய். உற்பத்திக் குறை என்று பட்டறை சொன்னால் பிடித்தம் இல்லை. 90 நாள் என்ற எண் 31 புகாரில் 27 அதற்குள் வந்ததிலிருந்து எடுத்தது. முதலாளி 30 நாள் போதும் என்றார். அப்படி வைத்திருந்தால் மேலே சொன்ன தென்னந்தோப்பு மோட்டாரே கணக்கில் சிக்காமல் தப்பியிருக்கும். முதல் மூன்று மாதம் கைக்கு வரும் பணம் குறையும் என்பதால் அடிப்படைச் சம்பளம் 2,000 ரூபாய் கூட்டப்பட்டது. இதில்தான் முதலாளி அதிகம் தயங்கினார். வண்டிக்குத் தவணை கட்டுகிற ஆளிடம் 90 நாள் பொறு என்று சொன்னால் அவர் பொறுக்க மாட்டார், வேறு கடைக்குப் போவார் என்பது வாதம், அதுவே ஜெயித்தது.

தோட்டச் சீட்டு இல்லாமல் பில் இல்லை. சீட்டில் எட்டு விவரம்: போர் ஆழம், போரின் மேல்பகுதியில் இறக்கும் கேசிங் குழாயின் அளவு, நிற்கும் நீர்மட்டம், டிரம் நிரம்பிய நேரம், குழாய் அளவு, கேபிள் நீளமும் தடிமனும், மூன்று பேஸ் வரும் நேரத்து வோல்டேஜ், மின் இணைப்பு எத்தனை ஹெச்பிக்கு. புது போராக இருந்தால் டிரம்முக்குப் பதில் தகட்டு அளவு. அதுவும் அளந்ததா, கண் மதிப்பா என்று எழுத வேண்டும். வோல்டேஜைச் சுற்றிலும் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் எடுக்க வேண்டும். தனியாக ஓடும்போது 400 காட்டும் லைன், டிரான்ஸ்பார்மரில் எல்லோரும் போட்டதும் 340க்கு இறங்குவது இங்கே புதிதில்லை. கேபிளும் தன் பங்குக்குத் தின்னும்: 14 ஆம்பியர் இழுக்கும் ஏழரைக்கு 800 அடி தூரம் 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் சுமார் 35 வோல்ட் வழியிலேயே போகும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 15க்குள் நிற்கும். எரிந்த எட்டில் ஐந்து, பழைய மெலிந்த கேபிளை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் பெரிதாக்கியவை.

நான்காவது, 'வேண்டாம்' சீட்டு. தண்ணீர் இல்லை, மோட்டார் மாற்றிப் பயனில்லை என்று காரணத்தோடு எழுதி வந்தால் அதுவும் வேலை; சீட்டுக்கு 100 ரூபாய்.

பின்விளைவு

அறிவித்த விதமே முதல் இடி. சனிக்கிழமை மாலை சம்பளம் போடும்போது எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்கள். ஆளுக்கு எத்தனை புகார் என்ற தாளும் கையோடு வாசிக்கப்பட்டது. பதினோரு ஆண்டு கடையைத் தூக்கி நிறுத்தியவர், நேற்று வந்த பையன் முன்னால் 14 என்ற எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றார். செப்டம்பரில் வேலையை விட்டார். பக்கத்துக் கடையில் சேர்ந்தார். அவரோடு பழகிய இரண்டு மெக்கானிக்குகள் கொண்டுவரும் வியாபாரமும் அங்கே போனது. மெக்கானிக் கைகாட்டும் கடையில்தான் தோட்டத்துக்காரர் வாங்குவார் என்பதால் இது சிறிய இழப்பு இல்லை.

'வேண்டாம்' சீட்டு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தே எழுதிய சீட்டுகள் வந்தன. ஒன்றில் சொன்ன போரே அந்தத் தோட்டத்தில் இல்லை. 100 ரூபாய் நிறுத்தப்பட்டது, சீட்டு மட்டும் நீடித்தது. பணம் நின்ற பிறகு வந்த சீட்டுகள் குறைவு, ஆனால் உண்மை.

அடுத்த ஜனவரி முதல் மே வரை விற்றது 176. முந்தையதைவிட 36 குறைவு. ஏழரையும் மேலும் 97இலிருந்து 41ஆக இறங்கியது. புகார் 9: லோ வோல்டேஜ் 3, தண்ணீர் இல்லாமல் 2, உற்பத்திக் குறை 2, இறக்கியதில் 1, மணல் 1. கடை செலவேற்றது ஐந்துக்கு, சுமார் 47,500 ரூபாய். ஊக்கத்தொகைச் செலவு இரண்டு சீசனிலும் ஒரு லட்சத்தை ஒட்டியே நின்றது.

லாபம் கூடவில்லை. புகாரில் மிச்சமான 1,42,500 ரூபாய் ஓராண்டுச் சம்பள உயர்வான 1,44,000க்கே சரியாகிவிட்டது. குறைந்த மோட்டார் விற்பனையை ஓரளவு ஈடுகட்டியது தடித்த கேபிள் விற்பனை. சீட்டில் வோல்டேஜ் எழுதியதால் வந்த விற்பனை அது, யாரும் திட்டமிடவில்லை. காசு கட்டிவிட்டுப் போன அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். இளைஞர் 38 மோட்டார் விற்றார். இப்போது புதிதாகச் சேர்பவர்கள் முதல் மாதம் அவரோடுதான் சுற்றுகிறார்கள்.

இன்று செய்தால்

மூத்தவரிடம் தனியாக, முதலாளியே, அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பே பேசியிருக்க வேண்டும். முறையை வகுத்தது கடை. அந்த முறைப்படி ஓடி ஜெயித்தவர் அவர். 14 என்ற எண் அவருடைய குற்றப் பட்டியலாக வாசிக்கப்பட்டது நியாயமில்லை. சீட்டில் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவரையே எழுதச் சொல்லியிருந்தால் மெக்கானிக்குகளும் கூடவே நின்றிருப்பார்கள்.

90ஆம் நாள் சோதனைக்கு விற்றவரை அனுப்பக் கூடாது. பிப்ரவரியில் ஒருவர் கொடுத்த ஐந்து சோதனைச் சீட்டிலும் மூன்று பேஸிலும் 9.4 ஆம்பியர் என்று இருந்தது. மூன்று பேஸும் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருக்கும் லைனை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. இப்போது பட்டறை ஆள் போகிறார். டாங் டெஸ்டர் மாட்டிய படம் வர வேண்டும்.

கடையைக் கைகாட்டும் மெக்கானிக்குக்குக் கையில் கொடுக்கும் 500 ரூபாய் பழைய முறையிலேயே தொடர்கிறது. மோட்டார் இறங்கிய அன்றே கொடுப்பது, எரிந்தாலும் திரும்பாது. விற்பனையாளருக்கு 90 நாள், மெக்கானிக்குக்கு அன்றே காசு என்பது ஓட்டை. அடைத்தால் அவர் எதிர்க் கடைக்குக் கைகாட்டுவார் என்ற பயத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். தண்ணீர் நிரப்பி இறக்கியதையும் ஜாயிண்ட் சுற்றியதையும் படம் எடுத்து அனுப்பினால் 200 கூடுதல் என்று ஒரு குழுவிடம் மட்டும் சோதித்து வருகிறார்கள்.

90 நாள் கணக்கிலேயே இன்னொரு பொத்தல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறி நிற்கும்போது விற்ற மோட்டார், தை, மாசி மாதச் சோதனையில் தேறிவிடும். அது தேறியதா இல்லையா என்பது பங்குனி வெயிலில்தான் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விற்பவற்றுக்கு 450இல் பாதியை ஏப்ரல் 30 வரை நிறுத்திவைக்கலாம் என்று முதலாளி சொல்கிறார். ஆறு மாதம் முன்பு விற்றதற்கு இப்போது காசா என்று ஆட்கள் மறுக்கிறார்கள். வரும் ஆடி பதினெட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறது. இந்த முறை எல்லோரையும் நிற்க வைத்து இல்லை, ஒவ்வொருவராக.